ஒற்றைக் கண் அறை

தூணுக்குப் பின்னால் போகும்போது அந்தப் பல்லி ஆட்காட்டி விரல் நீளம் இருந்தது. தூணுக்கு இந்தப் பக்கம் வெளியே வந்தபோது சுண்டு விரலில் பாதிகூட இல்லை.

அத்தை துளையிலிருந்து கண்ணை எடுத்தார். முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார். பல்லி அறையின் இடது மூலையில், எதுவும் மாட்டப்படாத ஓர் ஆணிக்குப் பக்கத்தில், தனக்கு எதுவுமே நடக்காத மாதிரி இருந்தது.

"டேய், இங்க வா. ஒரு பல்லி பாதியாயிடுச்சு."

"அதுக்கும் நீங்கதான் சம்பளம் கொடுக்கறீங்களா?" என்றபடி குனிந்தான் அவருடைய அண்ணன் மகன்.

அவனுக்கு ‘வாய்’ என்று பெயர். பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். அதற்குப் பிறகு வேலை பார்த்த எல்லா இடங்களிலும் அந்தப் பெயர்தான் அவனை வெளியே அனுப்பியது. கடைசியில் அத்தையிடம் வந்து சேர்ந்தான். அத்தைக்குத் தொழில் துப்பறிதல். ஊரில் போலீஸ்காரர்கள்கூட அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அது ஒரு பல்லி இல்ல அத்தை, ரெண்டு. பெருசு உள்ள போச்சு, சின்னது வெளிய வந்துச்சு. தூணுக்குப் பின்னால ஒரு குடும்பமே குடித்தனம் பண்ணலாம்."

"பண்ணலாம்" என்றார் அத்தை. அதுதான் அவருக்கு எரிச்சலாக இருந்தது. ஒன்றா, இரண்டா? உள்ளே போய்ப் பார்க்க முடியாது. அறையின் கதவில் இன்ஸ்பெக்டர் சீல் வைத்திருந்தார். ரேகை எடுப்பவர்கள் நாளைக்குத்தான் வருவார்கள். அதுவரை யாரும், இன்ஸ்பெக்டரே ஆனாலும், உள்ளே கால் வைக்கக்கூடாது. கருப்புத் துணி போர்த்திய பெரிய பெட்டி மாதிரி கூடத்தின் நடுவில் நின்றது அந்த அறை. அதன் முன்பக்கத்தில் பித்தளை வளையம் போட்ட ஒரே ஒரு துளை. அதுவும் இடுப்பு உயரத்தில்.

அந்த அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

இன்னும் திறக்காத அந்தக் கண்காட்சி, மரப்பலகையில் செதுக்கி அச்செடுக்கும் ஓவியர் ஒருவருடையது. எல்லோரும் அவரை ‘மேதை’ என்பார்கள், அவரும் மறுத்ததில்லை. நடக்க முடியாத இடங்களை வரைவதில் பெயர் வாங்கியவர். அவருடைய படத்தில் நான்கு பேர் ஒரு பலகையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள்; இரண்டு பேருக்கு அது மேசை, மற்ற இரண்டு பேருக்குக் கூரை. அந்தப் படங்களில் ஒன்றைத்தான் ஆள் நடமாடுகிற அளவுக்கு அறையாகவே கட்டியிருந்தார்கள்.

துளை வழியாகப் பார்த்தால் சாதாரணச் சதுர அறை. எதிர்ச்சுவரில் ஒரே மாதிரி இரண்டு ஜன்னல்கள், நடுவில் தூண், கட்டம் போட்ட தரை. உண்மையில் அது சதுரமே இல்லை. எதிர்ச்சுவர் சாய்வாக ஓடுகிறது. ஒரு மூலை துளைக்குப் பக்கத்தில் இருக்கும். மற்ற மூலை அதைப்போல இரண்டு மடங்கு தூரத்தில். தூரமாக இருக்கும் மூலையில் தரையைத் தாழ்த்தி, கூரையை உயர்த்தி, ஜன்னலையும் பெரிதாக வைத்துவிட்டால், இரண்டு மூலைகளும் துளையிலிருந்து ஒரே அளவாகத் தெரியும். இரண்டு கண்ணாலும் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். இரண்டு கண்ணும் இரண்டு இடத்திலிருந்து பார்த்து, தூரத்தைத் தங்களுக்குள் கணக்குப் போட்டுவிடும். ஒற்றைக் கண்ணுக்கு அந்தக் கணக்கு வராது. இதுவரை பார்த்த அறைகள் எல்லாம் சதுரம், இதுவும் சதுரமாகத்தான் இருக்கும் என்று மூளை தானாகவே முடிவு கட்டிவிடும்.

அதற்குள் ஒரு ஆள் நடந்தால்தான் வேடிக்கை. பக்கத்து மூலையில் நின்றால் பூதம். தூர மூலையில் நின்றால் குள்ளன். ஆள் இல்லாதபோது எந்த மூலை பக்கம், எது தூரம் என்று துளை வழியாக எவராலும் சொல்ல முடியாது. அதில்தான் அந்த அறையின் அழகே இருக்கிறது. அத்தையின் தலைவலியும் அதில்தான் இருந்தது.

காணாமல் போனது அந்த அறையைக் காட்டும் மூலப் படம். மேதை பலகையைச் செதுக்கி, தேவையான படங்களை அச்செடுத்து முடித்ததும், இனி யாரும் அதிலிருந்து எடுக்கக்கூடாது என்று பலகையின் குறுக்கே உளியால் ஆழமாக ஒரு கோடு கிழித்துவிடுவார். இந்தப் படத்துக்கு மிஞ்சியது ஒரே ஒரு தாள். அதை அந்த அறைக்குள்ளேயே, இடது மூலையில் மாட்டியிருந்தார்கள். அறைக்குள் அறையின் படம். இது நிபுணரின் யோசனை.

நிபுணர்தான் கண்காட்சியை அமைத்தவர். பட்டு ஜிப்பா. யாரிடம் பேசினாலும் அவர்கள் தலைக்கு ஒரு சாண் மேலே பார்த்துப் பேசும் பழக்கம்.

இன்று காலை வாட்ச்மேன் சும்மா ஒரு ஆசைக்குத் துளையில் கண்ணை வைத்தார். இடது மூலையில் ஒரு ஆள், முதுகைக் காட்டிக்கொண்டு, படத்தை ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார். சாம்பல் நிற மேலங்கி, தொப்பி. கண்காட்சி வேலையில் இருக்கிற எல்லோருக்கும் அதுதான் உடை. வாட்ச்மேன் சுற்றிக்கொண்டு பின்கதவுக்கு ஓடிப் போவதற்குள் ஆளும் இல்லை, படமும் இல்லை.

அந்த நேரத்தில் அந்தப் பக்கம் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அச்சுக்காரி. மேதையின் அக்கா மகள். அவர் செதுக்குவதை எல்லாம் இயந்திரத்தில் போட்டு அச்செடுப்பவள். மிகவும் குள்ளம். அச்சு இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றவே முக்காலி போட்டு ஏறுவாள். இன்னொருவர் படங்களுக்குச் சட்டம் போடும் பிரேம்காரர், நிபுணருடைய மனைவியின் தம்பி. எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவார்.

இதைவிடச் சுலபமான வழக்கு இருக்க முடியாது என்று இன்ஸ்பெக்டர் நினைத்தார். "நீ பாத்த ஆள் குள்ளமா, நெட்டையா?"

"ரெண்டும் இல்ல சார். தலை ஜன்னலோட நடுக்கம்பி வரைக்கும் இருந்துச்சு. நடுத்தரமான ஆள்."

நடுத்தரமான ஆள் அந்தக் கட்டடத்திலேயே வாட்ச்மேன் ஒருவர்தான்.

*

"உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன்" என்றார் நிபுணர். காலையிலிருந்து அவர் எல்லா வாக்கியத்தையும் இப்படித்தான் ஆரம்பித்தார்.

அச்சுக்கூடத்தில் நின்றிருந்தார்கள். பாதி மை துடைத்த இயந்திரத்தின் பக்கத்தில், முக்காலியில் அச்சுக்காரி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இழுப்பறைகளை எல்லாம் போலீஸ் தரையில் கொட்டிக் கவிழ்த்திருந்தது. எதுவும் கிடைக்கவில்லை. அத்தையைக் கூப்பிட்டது அவள்தான். வாசலில் ஜீப் நின்றது. கண்காட்சிக் கூடத்தைப் பூட்டும்போது அவளைக் கூட்டிக்கொண்டு போவதாக இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார்.

"இடது மூலை துளைக்குப் பக்கத்துல இருக்கு. அங்க நிக்கற ஆள் பெருசா தெரியணும். பெருசா தெரிய வேண்டிய ஆளே நடுத்தரமா தெரிஞ்சா, நிஜத்துல எப்படி இருக்கணும்?" நிபுணர் கேட்டுவிட்டு யாருடைய பதிலுக்கும் காத்திருக்கவில்லை. "குள்ளமா இருக்கணும். இதுக்குப் போய் ஒரு துப்பறிவாளரா? நான் கையேட்டுலயே எழுதியிருக்கேன். இடது மூலை அண்மை, வலது மூலை சேய்மை."

வாய் கையேட்டைப் புரட்டினான். "படிச்சேன் சார். ‘வெளி தன்னையே விசாரணை செய்கிறது’ன்னு ஒரு வரி வருது. அதை விசாரிச்சப்போ என்ன சொல்லுச்சு?"

நிபுணர் அவன் தலைக்கு மேலே இருந்த காற்றிடம் பேசினார். "இந்த மாதிரி ஆட்கள் வருவாங்கன்னுதான் துளையை ஒண்ணோட நிறுத்தினேன்."

"நீங்க அதுல பாத்தீங்களா?" என்று கேட்டார் அத்தை.

"எதுல?"

"துளையில. அறை கட்டி முடிச்ச பிறகு."

"மேடம், அந்த அறையை நான் கருத்துருவாக்கம் பண்ணினேன். உள்ள நுழையறது வேலைக்காரங்களோட வேலை, இடுப்பு உயரத்துல இருக்கற ஓட்டைக்குக் குனியறது டிக்கெட் வாங்கறவங்களோட வேலை."

"சரிதான்" என்றார் அத்தை, சட்னியில் முடி கிடந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

பிரேம்காரர் கதவு நிலையில் சாய்ந்து நின்றார். தலை நிலையில் இடிக்காமல் இருக்க கழுத்தைச் சாய்த்திருந்தார். "என்னை எதுக்கு நிக்க வெச்சிருக்கீங்க? மாமா சொல்றதுதானே. அந்த மூலையில கூரை தாழ்வு. படத்தை மாட்டினதே நான்தான். கழுத்தை மடக்கிக்கிட்டு, முட்டியை மடக்கிக்கிட்டு மாட்டினேன். நான் அங்க நின்னிருந்தா வாட்ச்மேனுக்கு அறை முழுக்க என் முதுகுதான் தெரிஞ்சிருக்கும்."

"நல்லா சொல்றீங்க" என்றார் அத்தை. "கழுத்தை மடக்கிக்கிட்டா?"

"ஆமா. இன்னும் வலிக்குது."

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். நியாயமான மனிதர், ஆனால் படித்தவர் சொன்னால் பாதி, நெட்டையானவர் சொன்னால் மீதி என்று நம்பிவிடுபவர். "அத்தை, உங்க மேல மரியாதை இருக்கு. ஆனா கணக்கு சரியா வருதே."

"வருது. கணக்குல தப்பே இல்ல" என்றார் அத்தை.

அச்சுக்காரி நிமிர்ந்து பார்த்தாள். கண்கள் சிவந்திருந்தன. "அத்தை, நீங்களுமா? மாமாகிட்ட போன்ல சொன்னேன். நான் எடுக்கலன்னு கத்தினேன். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? எடுத்தவ எடுத்துட்டுப் போகட்டும், இனிமே என் பலகையைத் தொட வேண்டாம், முகத்துலயும் முழிக்க வேண்டாம்னு சொல்லிட்டு வெச்சுட்டாரு. அம்மா போன பிறகு எனக்கு இருக்கறது அவரும் இந்த மெஷினும்தான்."

"உங்க மாமா கண்காட்சிக்கு வரலியா?" என்று கேட்டான் வாய்.

"அவரு எந்தக் கண்காட்சிக்கும் வர மாட்டாரு. பாக்க வர்றவங்களைப் பாத்தா அவருக்குப் பிடிக்காது."

"இந்தத் துறையில யாருக்காவது யாரையாவது பிடிக்குமா?"

அத்தை அதற்குள் சுவரோரம் போயிருந்தார். அங்கே, குறுக்கே கோடு கிழித்த மரப்பலகை ஒன்று சாய்த்து வைத்திருந்தது. மை ஏறிக் கறுத்த பலகை. கட்டம் போட்ட தரை, இரண்டு ஜன்னல், தூண். காணாமல் போன படத்தின் பலகைதான். அறையில் இரண்டு உருவங்கள் செதுக்கியிருந்தன. இரண்டும் ஒரே பெண், ஒரே உடை. ஒரு மூலையில் கூரையை முட்டுகிற பெரிய உருவம், மறு மூலையில் பொம்மை அளவு.

"இந்தப் பலகையில சின்னப் பொண்ணு இடது பக்கம் நிக்கறா" என்றார் அத்தை. "கையேட்டுல சின்ன உருவம் வலதுன்னு போட்டிருக்கே."

"பலகையில அப்படித்தான் இருக்கும் அத்தை" என்றாள் அச்சுக்காரி. தொழிலைப் பற்றிக் கேட்டதும் குரலில் கொஞ்சம் உயிர் வந்தது. "பலகையில மை தடவி, மேல தாளைக் கவிழ்த்து அழுத்துவோம். தாளைத் திருப்பினா பலகையில இடப்பக்கம் இருந்தது வலப்பக்கம் வந்துடும். கையில மை பூசி சுவத்துல அடிச்சா எப்படி, அந்த மாதிரி. அதனால மாமா எல்லாத்தையும் மாத்திதான் செதுக்குவாரு."

"இது அரிச்சுவடி" என்றார் நிபுணர்.

"அரிச்சுவடிதான்" என்றார் அத்தை. பலகையின் விளிம்பைத் தடவினார். கறுத்த மையின் மேல் வெள்ளைச் சாக்குக்கட்டியால் சின்னச் சின்னக் குறிகள். "இந்தச் சாக்குக்கட்டி யாரோடது?"

"கார்ப்பெண்டர் போட்டிருப்பாரு. அறை கட்டறதுக்கு அளவெடுக்க வந்தாரு."

"அவர் நம்பர் குடு."

கார்ப்பெண்டர் வேறு எங்கோ ரம்பம் ஓட்டிக்கொண்டிருந்தார். அத்தை போனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். ரம்பம் நின்றது.

"எதைப் பாத்துங்க அந்த அறையைக் கட்டினீங்க?"

"மரப்பலகையைப் பாத்துதான். ஏன், ஆடுதா?"

"ஆடல. படத்தைப் பாத்துக் கட்டலியா?"

"எங்க பாக்கறது? படம் கண்ணாடிக்குள்ள பூட்டிக் கிடந்துச்சு. பட்டு ஜிப்பா போட்ட ஒருத்தர், பக்கத்துல போனாலே என் மூச்சுக்காத்து பட்டு கெட்டுடும்னாரு. பலகை சும்மாதானே கெடந்துச்சு, அது மேல டேப்பை வெச்சு நிதானமா அளந்தேன். சின்ன உருவம் எந்தப் பக்கமோ அந்த மூலையைத் தள்ளிக் கட்டினேன். ஏங்க, எதுவும் பிரச்சனையா?"

"உங்களுக்கு இல்ல" என்று அத்தை போனை வைத்தார்.

நிபுணர் முதல்முறையாக ஒரு மனிதனின் கண் உயரத்தில் பார்த்தார். அது வாயின் கண்.

"ஒரு தச்சன் சொல்றதை வெச்சு..." என்று ஆரம்பித்தார்.

"வேண்டாம். தச்சன் சொல்றதையும் நம்ப வேண்டாம், நான் சொல்றதையும் நம்ப வேண்டாம்" என்றார் அத்தை. "அறையையே கேக்கலாம். எல்லாரும் வாங்க."

*

பித்தளை வளையத்தின் முன்னால் எல்லோரும் கூடினார்கள். அத்தை கையை நீட்டினார். "உன் பாக்கெட்டுல என்னடா இருக்கு?"

"ஒண்ணுமில்ல அத்தை."

"வரவேற்பு மேசையில கிண்ணத்தைக் கவிழ்த்ததை நான் பாத்தேன்."

வாய் முனகிக்கொண்டே உருண்டையான சிவப்பு மிட்டாய் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். கோலிக்குண்டைவிடச் சின்னது, துளைக்குள் போகும்.

"இருங்க, இருங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "சீல் வெச்ச இடம். யாரும் கால் வைக்கக்கூடாது."

"மிட்டாய்க்குக் கால் இல்ல சார்" என்றான் வாய்.

"சார், நீங்களே துளையில பாருங்க. போட்ட பிறகு" என்றார் அத்தை. "தூரமா இருக்கற மூலையில தரை தாழ்வா இருக்கணும். இருந்தாத்தான் துளையில இருந்து ரெண்டு மூலையும் சமமா தெரியும். இது நிபுணர் சாரும் ஒத்துக்கற விஷயம். ஒத்துக்கறீங்கல்ல?"

"அடிப்படை" என்றார் நிபுணர், வறண்ட குரலில்.

"அப்போ உருண்டையா ஒரு பொருளை உள்ள போட்டா, அது தூர மூலைக்குத்தான் ஓடும். அவர் கையேடு சரின்னா வலது பக்கம் போகணும்."

அத்தை மிட்டாயைத் துளைக்குள் தள்ளினார். உள்ளே ‘டொக்’ என்று விழுகிற சத்தம். இன்ஸ்பெக்டர் இடுப்பில் கை வைத்துக் குனிந்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை வளையத்தில் பதித்தார்.

சமமாகத் தெரிந்த தரையில் மிட்டாய் கொஞ்சம் தயங்கியது. பிறகு, யாரோ நூல் கட்டி இழுப்பது போல மெதுவாக நகர ஆரம்பித்தது. கட்டம் கட்டமாகத் தாண்டியது. வேகம் கூடியது. போகப் போக அது சுருங்கிக்கொண்டே போனதைத்தான் இன்ஸ்பெக்டரால் நம்ப முடியவில்லை. மிட்டாய் மிளகாகி, மிளகு கடுகாகி, ஆணிக்குக் கீழே சுவரில் முட்டி நின்றது.

"இடது" என்றார் இன்ஸ்பெக்டர். நிமிராமலே இன்னொரு தடவை சொன்னார். "இடது மூலை."

நிபுணர் வளையத்தைப் பார்த்தார். குனிவதா வேண்டாமா என்று அவருடைய முதுகு யோசித்தது. கடைசியில் பட்டு ஜிப்பாவை முட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு குனிந்தார். வெகு நேரம் எழுந்திருக்கவில்லை.

"குனிஞ்சா நல்லாத்தான் இருக்கு, இல்ல சார்?" என்றான் வாய். "ஆனா டிக்கெட் வாங்கிட்டுப் பாக்கணும்."

பிரேம்காரர் அதற்குள் பின்வாசல் பக்கம் நகர்ந்திருந்தார். கீறல் விழுந்த கண்ணாடி என்று சொல்லி, கடைக்குக் கொண்டுபோக அவர் ஒதுக்கி வைத்திருந்த இரண்டு சட்டங்கள் அங்கே சாய்ந்திருந்தன. அவர் கை ஒன்றின் மேல் இருந்தது.

"அந்த ஒண்ணைத்தான் கேக்கறேன்" என்றார் அத்தை.

வாய் போய் அதை வாங்கினான். பிரேம்காரர் விடவில்லை, இழுபறி. "மாமா, சொல்லுங்க மாமா இவங்ககிட்ட!" என்று நெட்டையான மனிதர் சின்னப் பிள்ளை மாதிரி கத்தினார். மாமா இன்னும் துளையில் இருந்தார். இன்ஸ்பெக்டர் போய்க் கையை வைத்ததும் பிடி தளர்ந்தது. முதுகு அட்டையைக் கழற்றினால், மேலே இருந்த மலிவுப் படத்துக்கு அடியில், மெல்லிய தாள் சுற்றி, இன்னொரு படம். கட்டம் போட்ட தரை, இரண்டு ஜன்னல், தூண். வலது மூலையில் பொம்மை அளவு பெண்.

அச்சுக்காரி கையைத் துணியில் துடைத்துவிட்டு, அதன் ஓரத்தை மட்டும் விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். மடிப்பு இல்லை, கிழிசல் இல்லை. பிறகுதான் அழுதாள். இன்ஸ்பெக்டர் தன் போனில் மேதையின் எண்ணைத் தேடி எடுத்து, "நீங்களே பேசறீங்களா, நான் பேசட்டுமா?" என்று கேட்டார்.

"நீங்க பேசுங்க சார். நான் சொன்னா அவரு நம்ப மாட்டாரு" என்றாள்.

"நம்புவாரு. ஆனா ஒரு விஷயம் எனக்கே புரியணும்" என்றார் இன்ஸ்பெக்டர். "நிபுணரும் இடது மூலைதான் துளைக்குப் பக்கம்னாரு, இந்த ஆளும் அதையேதான் சொன்னான். ரெண்டு பேரும் ஒரே தப்பைத்தானே சொன்னாங்க? இவனை மட்டும் எப்படிப் பிடிச்சீங்க? அவர்கிட்ட நான் என்ன சொல்லணும், சுருக்கமா சொல்லுங்க."

அத்தை சொன்னார்:

"கார்ப்பெண்டர் படத்தைப் பாக்காம பலகையைப் பாத்துக் கட்டினதால அறை இடம் வலம் மாறிடுச்சு. அதனால இடது மூலைதான் தூரம். தூர மூலையில நிக்கறவங்க சின்னதா தெரிவாங்க. அங்க நின்னும் நடுத்தர உயரமா தெரிஞ்சவர் நிஜத்துல நெட்டை. நிபுணர் அந்த அறைக்குள்ள போனதே இல்ல. தெரியாம தப்பு சொன்னார். பிரேம்காரர் அதே மூலையில நின்னு படத்தை மாட்டினவர். அங்க கூரை அவர் தலைக்கு மேல எவ்வளவு உயரத்துல இருக்குன்னு கண்ணால பாத்தவர். அப்படியும் கழுத்தை மடக்கிக்கிட்டு மாட்டினேன்னு சொன்னார். கையேட்டுல இருந்த தப்பு தனக்கு வசதியா இருக்குன்னு தெரிஞ்சே சொன்னார். படத்தை எடுத்தது அவர்தான்."